ஆமெனுக்குப் பிறகு ஒரு கைப்பிடி

கிளாவ்டியோ
20 மார்ச் 1988

அன்புள்ள ஜெனாய்டி அக்காவுக்கு,

உன் ஆசியைக் கேட்டுத் தம்பி டெல்ஃபிம் எழுதுவது. டிர்சி என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள், ஆகவே வீட்டில் எல்லோரும் சுகம். மகள் மரில்டாவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. கோயில் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஜாயின்வில்லில் மழை விட்டதா? உன் வீட்டுக்காரம்மா இன்னும் தொலைபேசிக்குப் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் எங்கள் கிளாவ்டியோ வார்ப்புப் பட்டறையில் லேடில், உருகிய இரும்பை ஏந்தும் அந்தப் பெரிய வாளி, கவிழ்ந்தது. கொதிக்கும் இரும்பு அரை டன். பெல்மீரோ முதலாளியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அந்த இடத்திலேயே முழங்காலிட்டு அப்பரேசிதா மாதாவிடம் ஒரு பொருத்தனை செய்துகொண்டார்: இனிமேல் உலையிலிருந்து லேடிலுக்கு வந்த இரும்பு எதுவானாலும், அதன் முன்னால் நின்று ஒரு முழு ஜெபமாலை சொல்லாமல் அச்சில் ஊற்றுவதில்லை. ஜெபித்த இரும்பில் அதன்பின் எதையும் கலப்பதும் இல்லை.

ஐம்பத்து மூன்று ‘அருள்நிறை மரியே’. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவரைப்போல்தான் சொல்கிறார். அப்படியும் பதினைந்து நிமிடம் ஆகிறது. இரும்பு ஆறிவிடாமல் இருக்க மேலே மரக்கரியைக் கொட்டி மூடுகிறோம், உலையையும் முன்பைவிடக் கடுமையாக எரிக்கிறோம். சூடு ஒருவழியாக நிற்கிறது. ஆனால் வார்ப்பு கெட்டுப்போகிறது. பூங்கா பெஞ்சின் கால்கள் ஓரமெல்லாம் வெள்ளையாக, கண்ணாடிபோல் உடைகின்றன. சிலிக்கான் குருணையை எப்போதும்போல் உலை வாயிலேயே, அளந்துதான் போடுகிறேன். மூட்டையும் அதே மூட்டைதான்.

முதலாளி கேட்டார்: “என்னடா, ஜெபம் ஆரம்பிச்சதுலேர்ந்து சரக்கு மோசமாயிட்டே வருது?” எங்கள் லேடில்காரன் அரைக்காப்பி, உனக்குத்தான் அவனைத் தெரியுமே, எதையும் பாதியில் விட்டுவிடுவான், அவன் சொன்னான்: “இன்னும் பக்தி பத்தலையோ என்னவோ.” முதலாளி அதைத் தீவிரமாக யோசிக்கிறார். இன்னொரு ஜெபமாலையைச் சேர்த்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

நீ பெரிய பட்டறையின் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்து இரும்பின் வயிற்றையே பார்ப்பவள். காரணம் என்ன என்று எழுது.

அடங்காத தம்பி,
டெல்ஃபிம்


ஜாயின்வில்
2 ஏப்ரல் 1988

அன்புத் தம்பி டெல்ஃபிமுக்கு,

உனக்கும் டிர்சிக்கும் மரில்டாவுக்கும் என் ஆசி. மழை விடவில்லை. விட்டால் செய்தித்தாளில் போடுவார்கள். பூட்டு இருக்கிறது, சாவியை வீட்டுக்காரம்மா கழுத்தில் மாட்டியிருக்கிறாள்.

உன் இரும்புக்குப் பக்தி போதாமல் இல்லை, நேரம்தான் போதவில்லை. உருகிய இரும்பில் கரி கரைந்து கிடக்கிறது. இறுகும்போது அந்தக் கரிக்கு உட்கார இடம் வேண்டும். இடம் கிடைத்தால் கிராஃபைட் இதழ்களாக விரியும். வார்ப்பு சாம்பல் நிறத்தில், சொன்னபடி கேட்பதாக அமையும். இடம் கிடைக்காவிட்டால் கரி இரும்பையே பற்றிக்கொண்டு வெள்ளையாகிவிடும். அது கடினம், ஆனால் பட்டென்று உடையும். உன் குருணை செய்வது நாற்காலி போடும் வேலை. கல்யாண வீட்டில் நாற்காலி போட்டுப் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனால் விருந்தாளி என்ன செய்வான்? குருணையின் பலன் பத்து நிமிடத்தில் தேய்ந்துவிடும். உங்கள் முதலாளி ஜெபமாலையின் நாலாவது பத்துக்கு வரும்போதே நாற்காலிகள் காலி.

வழி ஒன்று: ஜெபத்தை உலைக்கு முன்னால் முடித்துவிட்டு இரும்பை இறக்குவது. முதலாளியிடம் சொல். வழி இரண்டு: ஜெபம் முடிந்து அச்சில் ஊற்றும்போது, ஓடுகிற இரும்பில் ஒரு கைப்பிடி குருணையைத் தூவுவது. கடைசி நேரத்தில் போடுவது கொஞ்சமே ஆனாலும் நன்றாகப் பிடிக்கும்.

முதல் வழியை முதலில் முயற்சி செய். நீ இரண்டாவதைத்தான் செய்வாய் என்று தெரியும்.

ஜெனாய்டி


கிளாவ்டியோ
24 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். இரும்பும் நலம்.

முதல் வழியை முயற்சி செய்தேன். முதலாளி சொன்னார்: “நான் மாதாகிட்ட லேடில் முன்னாலன்னு சொன்னேனா, உலை முன்னாலன்னு சொன்னேனா?” லேடில் முன்னால்தான் என்றேன். “அப்ப நீ யாரு திருத்துறதுக்கு, போப்பாண்டவரா?” என்றார். ஒனோஃப்ரே பாதிரியாரிடமும் கேட்டேன். பொருத்தனை செய்தவரே விரும்பினால் அதைவிட உயர்ந்த ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். முதலாளியைப் பொறுத்தவரை அதைவிட உயர்ந்தது இரண்டு ஜெபமாலை. பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே இரண்டாவது வழி. லேடில் வாயில் நின்று கசடு ஒதுக்குவது என் வேலைதானே. கசடு திரள்வதற்காக எப்போதும் உலர்மணலைத் தூவுவேன். இப்போது ஆமென் சொன்னதும் இடது கையால் மணல், வலது கையால் குருணை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அக்கா, பெஞ்சுக் காலை உடைத்துப் பார்த்தால் பூனையின் முதுகுபோல் சாம்பல்! முதலாளி உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். “பாத்தீங்களாடா? ரெண்டு மாசம் என்னைச் சோதிச்சா. இப்ப ஏத்துக்கிட்டா.” அரைக்காப்பி சிலுவை போட்டுக்கொண்டான். நானும் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஒன்று மட்டும் சங்கடம். ஒவ்வொரு லேடிலுக்கும் ஓர் ஆப்புத் துண்டு வார்த்து, உடைத்து, நுனியில் எவ்வளவு வெள்ளை என்று பார்ப்போமே, அதை நிறுத்திவிட்டார். ஜெபித்த இரும்பை உடைத்துப் பார்ப்பது மாதாவைச் சந்தேகப்படுவதாம்.

உன் உடம்பு எப்படி என்று எழுது. மரில்டா முத்தம் அனுப்புகிறாள்.

டெல்ஃபிம்


ஜாயின்வில்
6 மே 1988

தம்பிக்கு,

ஆசி. எனக்கு ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

ஆப்புத் துண்டை எப்படியாவது திரும்பக் கொண்டுவா. கைப்பிடியை எவன் மறப்பான், எந்த நாள் மறப்பான் என்று ஆப்புத்தான் சொல்லும். உங்கள் பட்டறையில் இப்போது நல்ல இரும்பு எப்படி வருகிறது என்பது ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் பட்டறைக்கே காய்ச்சல். இங்கே மூன்று பேர் கையெழுத்துப் போடாமல் ஒரு லேடில் நகராது. எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

முதலாளியிடம் சொல்லிவிடு, டெல்ஃபிம். இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்புறம் சொன்னால் வராது.

அக்கா


கிளாவ்டியோ
19 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. டிர்சி சோளமாவுக் கஞ்சியில் மிளகு போட ஆரம்பித்துவிட்டாள். உன் ஜலதோஷம் எப்படி?

மேட்டுத்தெருவில் புதுச் சிற்றாலயம் எழும்புகிறது. முதலாளியின் நன்கொடை. உள்ளே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாடகர் மாடம். அதைத் தாங்க ஆறு வார்ப்புத் தாங்கிகள், கொடியும் இலையுமாக, மெல்லிய வேலைப்பாடு. அச்சு மாதிரியைப் பார்த்தேன், அழகு. அக்டோபர் பன்னிரண்டு, மாதா திருநாளன்று திறப்பு. முப்பது பிள்ளைகள் மாடத்தில் நின்று பாடுவார்கள். மரில்டா முன் வரிசை.

பட்டறை வாசலில் ஒரு நன்றிப் பலகையும் வார்த்து மாட்டியிருக்கிறார். முதலில் அப்பரேசிதா மாதா. பிறகு ஒனோஃப்ரே பாதிரியார், ஆயர், முதலாளியின் மாமியார், காப்பி போடும் பெண், ‘தளராத நமது உலை’. அரைக்காப்பியின் பெயரும் இருக்கிறது, லேடிலைக் கவிழ்த்தவன் என்ற முறையில். அவன் கவிழ்க்காவிட்டால் பொருத்தனை ஏது?

மொத்தம் பதினொரு பெயர். பலகையை வார்த்த இரும்பில் குருணை தூவியவன் நான். எனக்கு ஒன்றுமில்லை, கவனித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். நான் கோபப்படும் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். டிர்சி ஒரு வாரமாக அப்படி இல்லை என்கிறாள்.

சொல்லிவிடு என்று எழுதியிருந்தாய். இந்த நேரத்தில் சொன்னால் பலகையில் பெயர் வேண்டிச் சொல்வதாக ஆகிவிடும்.

டெல்ஃபிம்


ஜாயின்வில்
30 ஜூன் 1988

அன்புத் தம்பி,

ஆசி. ஜலதோஷம் போய்விட்டது, இருமல் குடிவந்திருக்கிறது.

உலைக்கு நன்றி சொன்னவர் உனக்குச் சொல்லவில்லை என்பதை மூன்று முறை படித்தேன். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். நீ செய்ததை யாருக்கும் தெரியாமல் செய்தாய், யாருக்கும் தெரியவில்லை. அந்த அளவுக்குத் திறமை.

மெல்லிய வார்ப்பு என்றால் குருணை இல்லாமல் இம்மியும் ஆகாது. மெல்லியது சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெளுக்கும். தாங்கிகள் வார்க்கும் நாளில் தவறாமல் வேலைக்குப் போ. வார்த்ததும் எழுது.

ஜெனாய்டி


கிளாவ்டியோ
28 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துவிடு. தாங்கி வார்த்த வாரம் எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. இப்போது தேவலை.

தாங்கிகள் வார்த்தாயிற்று. போன வாரம் சுவரில் பதித்துவிட்டார்கள். மேலே மாடத்தின் தரைப் பலகையும் போட்டாயிற்று. காரை காயும்வரை அடியில் மரமுட்டு கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் எடுத்துவிடுவார்கள்.

ஊரே வந்து பார்க்கிறது. முதலாளி சாவிக்கொத்தால் ஒரு தாங்கியைத் தட்டிக் காட்டினார். மணிபோல் ஓசை வந்தது. “நாப்பது வருஷமா இரும்பு ஊத்துறேன், எந்த இரும்பாவது பாடிக் கேட்டிருக்கேனா?” என்றார். பாதிரியார்கூடத் தட்டிப் பார்த்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லை எடுத்துவந்து தட்டுகிறார்கள். பாடகர் மாடத்துக்குப் பாடும் தாங்கி என்று வானொலியில்கூடச் சொன்னார்கள்.

வேறு விசேஷம் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்ஃபிம்


ஜாயின்வில்
6 செப்டம்பர் 1988

டெல்ஃபிம்,

ஆசி. என் உடம்பைப் பிறகு பார்ப்போம்.

சாம்பல் இரும்பு பாடாது. தட்டினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. உள்ளே இருக்கும் கிராஃபைட் ஓசையைத் தின்றுவிடும். மணிபோல் ஒலிக்கும் வார்ப்பு வெள்ளை வார்ப்பு. இது உனக்குத் தெரியாதா? முதலாளிக்குத் தெரியாதா? நாற்பது வருடம் இரும்பு ஊற்றியவருக்கு?

மூன்று கேள்வி. எந்தத் தேதியில் வார்த்தீர்கள்? அன்று நீ லேடில் வாயில் இருந்தாயா? கைப்பிடி விழுந்ததா?

ஓர் அரத்தை எடுத்துக்கொண்டு போ. தாங்கியின் ஓரத்தில் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அரத்தை ஓட்டு. கடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு கீச்சிட்டால் வெள்ளை. ஐந்து நிமிட வேலை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய்து, அன்றே எழுது.

அக்கா


கிளாவ்டியோ
22 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்டு எழுதுகிறேன். உன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் நல்லது என்று டிர்சி சொல்கிறாள்.

நீ ரொம்பக் கவலைப்படுகிறாய். அங்கே ஆய்வகத்தில் நாள் முழுக்க உடைந்ததையே பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டது. அரம் தேடினேன், அரைக்காப்பி இரவல் வாங்கிப்போயிருக்கிறான். வந்ததும் பார்க்கிறேன். தாங்கிகள் பார்வைக்குத் திடமாகத்தான் இருக்கின்றன. கட்டுமானக்காரர்களும் எதையும் இரண்டு மடங்கு கணக்குப் போட்டுத்தான் செய்வார்கள் என்று கேள்வி.

இந்த வருடம் மழை முந்திக்கொள்ளும் போலிருக்கிறது. மாட்டுச்சந்தையில் பெரிய கூட்டம்.

மரில்டாவுக்குத் தொண்டை சரியில்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது. அவள் இல்லை என்கிறாள். குழுவிலிருந்து நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் அழுகை, டிர்சியும் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் தேதி எல்லோருமாக ஒலிவெய்ராவில் மாமியார் வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். எனக்கு மாமியார் ஞாபகம் வந்துவிட்டது.

வேறு என்ன எழுத? எல்லோரும் நலம்.

டெல்ஃபிம்


ஜாயின்வில்
29 செப்டம்பர் 1988

டெல்ஃபிம்,

வார்ப்புப் பட்டறையில் அரம் கிடைக்கவில்லை என்று எழுதுகிறாய். ரொட்டிக்கடையில் மாவு இல்லை என்றால்கூட நான் நம்பியிருப்பேன்.

மூன்று கேள்வி கேட்டேன். மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பதில் வந்திருக்கிறது. பதினாறு வருடமாக நீ வாய் திறந்து பேசாத மாமியார் திடீரென்று ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள். மரில்டாவின் தொண்டை அவளுக்கே தெரியாமல் கெட்டுப்போயிருக்கிறது.

ஆகவே உனக்குத் தெரியும். அரம் வைத்துப் பார்க்கும் அவசியமே இல்லாத அளவுக்குத் தெரியும்.

முப்பது பிள்ளைகளில் ஒன்றை இறக்கிவிட்டாய். மீதி இருபத்தொன்பது பேருக்கும் யார் தொண்டை வலி வரவழைப்பது? அவர்களுடைய மாமியார்கள் எங்கே இருக்கிறார்கள்?

மரமுட்டை எடுப்பதற்குள் சொல். யாரிடம் வேண்டுமானாலும் சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும் என்று நினைத்தாலே உட்கார முடியவில்லை. மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தபால் நிலையத்துக்கே போகிறேன். வீட்டுக்காரம்மாவின் கழுத்திலிருந்து சாவியைப் பிடுங்கி உன் பட்டறைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் முதலாளிதான் எடுத்தார். வைத்துவிட்டேன். அவரிடம் நானே சொல்லியிருக்கலாம். நீ சொல்லவேண்டும் என்று வைத்தேன். ஐந்தாம் தேதிக்குள் தந்தியிலாவது பதில் வராவிட்டால், மூன்றாவது முறை போனை வைக்கமாட்டேன்.

ஜெனாய்டி


(தந்தி)
ஜாயின்வில், 5 அக்டோபர் 1988
பதில் இல்லை. நாளை காலை முதலாளிக்குப் போன். அக்கா.


கிளாவ்டியோ
16 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசிக்கு எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியாமல் கேட்கிறேன்.

தந்தி ஆறாம் தேதி காலையில் வந்தது. கடிதமும் அதே தபால்காரரிடம்தான் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் கொடுத்து, “வீட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அன்று நீ போன் செய்தபோது முதலாளி ஏன் எடுக்கவில்லை தெரியுமா? நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது உன் மூன்று கேள்விக்குப் பதில். ஆகஸ்ட் ஒன்பது, செவ்வாய். லேடில் வாயில்தான் இருந்தேன். உடம்பு நன்றாக இருந்தது, காய்ச்சல் கிடையாது. கைப்பிடி விழவில்லை. குருணை சட்டைப்பையில் இருந்தது, கையும் அங்கேதான் இருந்தது. பலகையில் உலைக்குப் பெயர் இருக்கிறதே, இன்று அது தனியாகச் செய்யட்டும், பார்ப்போம் என்று நினைத்தேன். மறுநாள் தாங்கி உடையும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அடக்கமாகச் சொல்வேன் என்று கணக்கு. ஆனால் மறுநாள் அதைச் சாவியால் தட்டினார்கள். அது பாடியது. பாடிக்கொண்டிருப்பதை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளை சொல்லலாம் என்றிருந்தேன்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “பொறாமை பிடிச்சவன் நீ” என்றார். “மாதா செஞ்சதை உன் கை செஞ்சதுங்கிறியா? போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு.” ஜெபித்த இரும்பு உடையாதாம். மரமுட்டு அன்று மத்தியானம் எடுத்தாயிற்று. சனிக்கிழமை காலை மாடத்தில் ஒத்திகை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அரைக்காப்பியைக் கூட்டிக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போனேன். பின்புறம் கிடந்த மரமுட்டுகளைத் திரும்பவும் மாடத்துக்கு அடியில் நிறுத்தி ஆப்படித்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக அரைக்காப்பி ஒரு வேலையைப் பாதியில் விடவில்லை. பிறகு பத்துக் கிலோ சம்மட்டியை எடுத்தேன்.

முதல் அடியிலேயே கொடி, இலை எல்லாம் தரையில். உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியைப்போல் மினுங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது விழும்போது ஒனோஃப்ரே பாதிரியார் சாப்பாட்டுத் துணியைக் கழுத்தில் கட்டியபடி ஓடி வந்தார்.

“டெல்ஃபிம், என்னப்பா பண்ற?”

சொன்னேன், மூச்சு வாங்கிக்கொண்டே. அவர் கீழே கிடந்த துண்டுகளையும் மேலே மாடத்தையும் பார்த்தார்.

“இன்னும் எத்தனை இருக்கு?”

“ரெண்டு, சாமி.”

“முடிச்சிடு. அப்புறம் பேசலாம்.”

ஆறாவதும் விழுந்தபிறகு முதலாளி வந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கத்துவார், அடிப்பார் என்று சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் உடைந்த முகத்தைத் தடவினார். அக்கா, அந்த நேரத்தில் அவர் பக்தர் இல்லை, நாற்பது வருட வார்ப்புக்காரர்.

“வெள்ளை” என்றார்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “இதைச் சாவியால தட்டி ஊருக்கே காட்டினேன். ஓசை கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுது. தெரியாதமாதிரி இருந்துட்டேன்.” துண்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “குருணை எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேட்டார்.

“பத்து நிமிஷம்.”

“எனக்குப் பதினஞ்சு.” துண்டை மடியில் வைத்துக்கொண்டார். “திங்கக்கிழமைலேர்ந்து நீ வராதே, டெல்ஃபிம். சொல்லாம போட்டதுக்கு இல்லை. சொல்லாம போடாம விட்டதுக்கு.”

சரி முதலாளி என்றேன். வேறு எது சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

திருநாளன்று மாடம் மரமுட்டுகளோடு, கயிறு கட்டி அடைத்து நின்றது. பிள்ளைகள் முப்பது பேரும் பீடத்துக்கு முன்னால் தரையில் நின்று பாடினார்கள். மரில்டாவின் தொண்டைக்கு ஒன்றுமே இல்லை, கடைசி வரிசைவரை கேட்டது. ஊரில் பாதிப்பேர் என்னைக் கோயிலை இடித்தவன் என்கிறார்கள். மீதிப்பேர் என்னிடம் பேசுவதில்லை. டிர்சி பேசுகிறாள். எல்லாவற்றையும் சொன்னபிறகு ஒரு முழு நாள் பேசாமல் இருந்துவிட்டு, “மாமியார் ஞாபகமாம்!” என்று ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. ஜன்னல் கிராதி செய்யும் இடத்தில் அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள். அங்கே உருக்கும் வேலை கிடையாது.

நேற்றுக் காலையில் அரைக்காப்பி வந்தான். வாசலிலேயே நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“புதுத் தாங்கி செவ்வாக்கிழமை ஊத்துறோம். முதலாளி கேக்கச் சொன்னாரு. இல்ல, அவர் கேக்கலையாம், நான்தான் கேக்குறேனாம்.”

“என்ன?”

“ஒரு கைப்பிடின்னா எவ்வளவு? யாரோட கை?”

“ஜெபமாலை உண்டா இல்லையா?”

“உண்டு. ஆப்புத் துண்டும் உண்டு. உடைச்சுப் பாத்துட்டு அவரே கையெழுத்துப் போடுவாராம்.”

அன்று சட்டைப்பையில் போட்ட குருணை அப்படியே ஒரு டப்பாவில் இருந்தது. டிர்சி மாவு நிறுக்கும் தராசை எடுத்து, எப்போதும் அள்ளுவதுபோல் அள்ளி அதில் கொட்டினேன். முந்நூற்றுப் பத்து கிராம். இத்தனை மாதம் தூவியிருக்கிறேன், ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. மரில்டாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:

“அரை டன்னுக்கு முந்நூற்றுப் பத்து கிராம். ஆமெனுக்குப் பிறகு, இரும்பு ஓடும்போது. ஒவ்வொரு முறையும், கோபமாக இருந்தாலும்.”

கீழே என் முழுப் பெயரையும் எழுதி, அவன் கையில் கொடுத்தேன்.

இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

தம்பி,
டெல்ஃபிம்